யாரைச் சொல்கிறாள்?

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மாளுக்கு ‘சி.ஐ.டி. அக்கா’ என்று பெயர் வைத்தது யாரோ தெரியாது. வைத்தவர் நன்றாக இருக்கட்டும், அவ்வளவு பொருத்தம். மேற்பார்வையாளர் காலையில் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்பாள். சிரிக்காவிட்டால், நம்மை யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்பாள். இப்பேர்ப்பட்டவள் கையில் போனையும் கொடுத்து, அதில் ஊரார் ஸ்டேட்டஸையும் காட்டினால் என்ன ஆகும்?

அவளுக்கு ஒரே தங்கை. நாலு பஸ் நிறுத்தம் தள்ளிக் கணவனோடு குடியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அங்கே போய்ச் சாப்பிட்டு, சிரித்துப் பேசிவிட்டு வந்தாள். மறுநாள் காலை தங்கையின் ஸ்டேட்டஸில், ஒரு ரோஜாப்பூ படத்தின் மேல் ஒரு வரி: ‘சிரித்துக்கொண்டே முதுகில் குத்துபவர்களும் இருக்கிறார்கள்.’

அக்காவுக்குச் சுருக்கென்றது. நேற்று அந்த வீட்டில் சிரித்தது யார்? நான்தானே!

சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, நெருங்கி வந்து முனையோடு முனை சேர்ப்பார்கள். நெருங்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லாவிட்டால் அக்காவின் ஜோடிக்காரிக்குத் தலை வெடித்துவிடும்.

“உன்னைத்தான் சொல்றா,” என்றாள் அவள். அடுத்த விரிப்புக்கு, “பேர் போடாம போட்டா, நெருங்கினவங்களைத்தான்னு அர்த்தம்,” என்றாள். நன்றாக மூட்டிவிட்டாள் போங்கள்!

அன்று தங்கை இரண்டு மூன்று தடவை கூப்பிட்டாள். குத்திவிட்டு நோட்டம் பார்க்கிறாளா என்று அக்கா கட் பண்ணிவிட்டாள்.

பிறகு தினமும் ஒரு வரி. ‘நம்பினேன், ஏமாந்தேன்.’ ‘கேட்க ஆளில்லாத வீட்டில் யாரிடம் பேசுவது?’ அக்கா பல் துலக்கும் முன்பே அவற்றைப் பார்த்துவிடுவாள். பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தது. பெற்ற மகன்மேலும் எரிந்து விழுந்தாள். கேட்க ஆளில்லையாமே, நான் செத்தா போய்விட்டேன் என்று கறுவினாள். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கையே இப்படிப் பண்ணுகிறாளே என்று விரிப்புக் குவியலில் முகம் புதைத்து அழவும் செய்தாள். அப்போதும் ஒரு போன் போட்டுக் கேட்கத் தோன்றவில்லை. போட்டால் தான் இறங்கிப் போனதாகிவிடுமாம்!

கடைசியில் ஜோடிக்காரி யோசனை சொல்ல, தானும் ஒன்று போட்டாள்: ‘நன்றி கெட்டவர்களுக்கு என் வீட்டு வாசல் மூடியாகிவிட்டது.’ தங்கை அதைப் பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. அக்காவுக்கு அன்றைக்குச் சாப்பாடு ருசித்தது.

அதோடு தங்கையின் ஸ்டேட்டஸ் நின்றுபோயிற்று. ஒரு வாரமாக ஒன்றுமே இல்லை.

“உனக்கு மட்டும் மறைச்சிட்டு மத்தவங்களுக்குப் போடறா,” என்றாள் ஜோடிக்காரி.

இது அக்காவுக்குப் பொறுக்கவில்லை. திட்டியதைக்கூடத் தாங்கிக்கொண்டாள், திட்டுவதைக் காட்டாமல் இருப்பதா! அரைநாள் லீவு போட்டுவிட்டு, நேரிலேயே நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று கிளம்பினாள்.

கதவைத் திறந்த தங்கை பாதியாக இளைத்திருந்தாள். சுவர் ஆணியில் கணவன் சட்டை ஒன்றுகூட இல்லை. கட்டில்மேல் துணி திணித்த பை ஒன்று கிடந்தது.

“எங்கடி உன் வீட்டுக்காரர்?”

“விட்டுட்டுப் போயிட்டாரு. நீ வந்துட்டுப் போன அன்னிக்குச் சாயங்காலமே. உன்கூட உக்காந்து சிரிச்சுப் பேசினாரே, அப்பவே எல்லாம் முடிவு பண்ணி வெச்சிருந்தாரு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி!”

“கூப்பிட்டேன், கட் பண்ணிட்டே. அப்புறம் வாயால சொல்ல வெக்கமா இருந்துச்சு. தினம் என் ஸ்டேட்டஸை முதல்ல பாக்கறது நீதானே. பாத்தா புரிஞ்சுக்கிட்டு வந்துடுவேன்னு நெனச்சேன்.”

அக்கா கட்டில் பக்கம் திரும்பினாள். “இந்தப் பை?” என்றாள், மெதுவாக.

“உன் வீட்டுக்கு வரத்தான் கட்டினேன். அன்னிக்குப் பாத்து, வாசல் மூடியாச்சுன்னு போட்டிருந்தே.” தங்கை நிமிர்ந்து பார்த்தாள். “அது யாருக்குக்கா போட்டே?”

எதிர்வீட்டுக்காரிக்கு, வேலையிடத்தில் ஒருத்திக்கு என்று பொய்யெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

“உனக்குத்தான்டி,” என்று அழுதாள்.

தங்கை தலையை ஆட்டினாள். பையைத் திறந்து, துணிகளை எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கத் தொடங்கினாள்.