ஆரத்தி குடித்த கார்

நான் ஆறாம் வகுப்புப் படித்த ஆண்டின் ஆயுத பூஜை. காலை ஒன்பது நாற்பது. வெயில் ஏறியிருந்தது, துறைமுகப் பக்கமிருந்து கரித்தூளோடு காற்று வீசியது. ராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் அன்று என்மீது ஒரு பழி விழுந்தது. இத்தனை வயதாகியும் அதை நான் ஏற்கவில்லை.

அம்மாவின் ஒரே தம்பியான என் மாமா, சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியிருந்தார். அடுத்த ஞாயிறு சோழவரத்தில் பந்தயம். உப்புக்காற்றில் சக்கரங்கள் துருவேறிக் கிடந்தன. சக்கரத்துக்கு நாற்பத்தெட்டுக் கம்பி. நான்குக்கும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அத்தனையையும் உப்புத்தாளால் தேய்த்தவன் நான். கொசு மருந்தடிக்கும் பம்பில் அலுமினியப் பெயிண்டை ஊற்றி மாமா அடித்தார். எனக்குக் கூலி, எண்ணூர் வரை முதல் சவாரி.

என்ஜினுக்கு மூச்சு போதவில்லை என்பது மாமாவின் எண்ணம். காற்றை வடிகட்டும் டப்பாவைக் கழற்றி எறிந்தார். அங்கிருந்து முன்பக்கம் வரை தகரக் குழாய் ஒன்றை இழுத்து, அதன் வாயில் மண்ணெண்ணெய்ப் புனலைப் பொருத்தினார். அது போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கோழிகள் கூரை ஏறின.

“பந்தயம் கிந்தயம்லாம் வோணாண்டா. பொறந்த வூட்ல எனக்குன்னு கீறது நீ ஒருத்தன்தான்,” என்றாள் அம்மா.

“நீ ஆரத்தி எடு அக்கா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்,” என்று மாமா என்ஜினை முறுக்கினார். நான் பக்கத்து இருக்கையில் ராஜாவாக உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவின் சைக்கிளுக்கு அம்மா எடுத்த ஆரத்தியையெல்லாம் தரையில்தான் கொட்டியிருக்கிறாள். அன்று தாம்பாளம் நிறையக் கரைத்து வந்தவள், சுற்றி முடித்ததும் புனலின் வாய்க்கு நேரே விசிறி ஊற்றினாள். டங்கென்று ஒரு சத்தம். கார் செத்தது.

“வாயத் தொறந்து வெச்சா ஊத்தத்தான் செய்வாங்க நைனா. என்ஜினுக்குள்ள தண்ணி பூந்து ராடு வளைஞ்சி போச்சி,” என்றார் தெருக்கோடி மெக்கானிக்.

எதிர்வீட்டுக்காரிக்கு அது போதவில்லை. “தண்ணி போனது சரி, இன்னிக்குப் பாத்து ஏன் போவணும்? இந்தப் பையன்தான் சக்கரத்தையே மொறச்சிப் பாத்துகினு கெடந்தான். கொள்ளிக்கண்ணு!”

பார்க்காமல் எப்படித் தேய்ப்பது? “தேய்க்கச் சொன்னதே மாமாதான்!” என்று கத்தினேன்.

“வாய் வேற கீது பாரு!”

எங்கே ஊற்றினோம் என்று தெரிந்த அம்மாவோ, என் காலடி மண்ணை எடுத்து, உப்பு மிளகாயோடு காரைச் சுற்றி நெருப்பில் போட்டாள். நெடி வரவில்லை, ஆகவே என் குற்றம் உறுதியாம்! என்ன நியாயம் இது?

ஒரு வாரமாகச் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவள், அன்று மத்தியானம் இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டாள். என்மேல் பழியைப் போட்டுவிட்டதில் அவளுக்குப் பசி எடுத்துவிட்டது என்றே நினைத்து, நான் சாப்பிடாமல் எழுந்து போனேன்.

மாமா இல்லாமலே பந்தயம் நடந்தது. அது முடிந்த மறுநாள் காலை, யாரும் கேட்காமலே, அம்மா தன் வளையல்களை அடகு வைத்து ரிப்பேருக்கென்று மாமாவின் கையில் கொடுத்தது அறுநூற்று நாற்பது ரூபாய்.