தண்ணி வந்துட்டு

இன்று காலை வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்தது. வெடித்துக் கிடந்த மண் நனைந்து கிளம்பிய வாசனையில் அப்படியே வரப்பில் நின்றுவிட்டேன்.

சிறு வயதில் இந்த வாசனைக்கு முன்னால் ஒரு சத்தம் வரும். மேல்வயல் காதர் மாமா கையை வாயருகே குவித்து, "தண்ணி வந்துட்டு வே!" என்று கூவுவார். வீட்டில் அதிர்ந்துகூடப் பேசாத அப்பா, வெற்றிலையைத் துப்பிவிட்டு, கீழ்வயலைப் பார்த்து அதையே கூவுவார். அந்தக் குரல் வயல் வயலாக ஸ்ரீவைகுண்டம் பக்கம் போய்த் தேயும். தண்ணீர் அதற்குப் பின்னால் பைய வந்து சேரும். "நீயும் ஒரு சத்தம் குடுலே" என்பார் அப்பா. என் குரல் வரப்பைத் தாண்டாது. இருவரும் சிரிப்போம்.

சென்னையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏற்றுமதித் தொழிலைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு, போன தையில் இந்த வயலுக்குத் திரும்பினேன். மனைவி வரவில்லை. "உங்க ஆசைக்கு நான் குறுக்க நிக்கல. ஆனா என்னால அங்க இருக்க முடியாது" என்றாள். மேல்வயல் இப்போது கம்பிவேலி போட்ட வீட்டுமனை. கீழ்வயல் தரிசு.

யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. அவளுக்குப் போன் செய்தேன்.

"தண்ணி வந்துட்டு."

"இங்க இன்னும் வரலையே. லாரிக்குச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

"இங்கன, வயல்ல."

"ஓ... சந்தோஷம்ங்க."

பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டேன்" என்றேன். அடுப்பை இன்னும் பற்றவைக்கவே இல்லை.