டொய்ங் மாஸ்டரின் புது வெர்ஷன்

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கரண்ட் பில் அந்தப் பெயருக்குத்தான் வருகிறது. மற்றபடி உலகத்துக்கு அவர் டொய்ங் மாஸ்டர். மாலைச் சீரியலில் மூத்த மருமகள் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம், அந்த ஒரே திரும்பலை மூன்று தடவை காட்டும்போதெல்லாம், 'டொய்ய்ங்ங்' என்று வீட்டையே அதிரவைக்கும் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தத்தைக் கொடுத்தவர் இவர்தான். மருமகள் திரும்புவது பால் பொங்கியதற்காக இருக்கலாம், சொத்தை எழுதி வாங்குவதற்காக இருக்கலாம், சத்தம் ஒன்றுதான். பல வருஷமாக அந்த அம்மாள் திரும்பிக்கொண்டே இருக்கிறாள், மாஸ்டர் வீட்டில் அடுப்பும் எரிந்துகொண்டே இருக்கிறது. மளிகைக் கடைக்காரர் இவரைக் கண்டதும் வாயாலேயே ஒரு டொய்ங் போட்டுவிட்டுத்தான் மீதிச் சில்லறையைக் கொடுப்பார்.

இந்தப் புகழுக்கு வந்து சேர்ந்த வழி அப்படியொன்றும் பெரிய காவியமில்லை. இளவயதில் மேடைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தார். சினிமாவுக்கு இசையமைக்கப் போவதாகச் சொல்லித்தான் பெண் கேட்டார். மாமனார் சூதுவாது தெரியாத மனிதர், நம்பிக் கொடுத்துவிட்டார். சினிமா கூப்பிடவில்லை. இன்றைக்குக் கூப்பிடும் நாளைக்குக் கூப்பிடும் என்று காத்திருந்ததில் தலைமுடி பாதி போனது. கடைசியில் கூப்பிட்டது இந்தச் சீரியல்தான்.

வீட்டின் பின்னறையே ஸ்டூடியோ. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கும். கதவிடுக்கில் பழைய போர்வையைத் திணித்திருப்பார்கள். பதிவு நடக்கும்போது ஃபேனையும் நிறுத்திவிடுவதால் உள்ளே போகிறவர் வெந்துதான் வெளியே வருவார். அங்கே ஒரு கிழட்டுக் கணினி, அதில் இசை சாஃப்ட்வேரின் ஒரு கிழட்டு வெர்ஷன். அதற்கப்புறம் கம்பெனிக்காரன் எத்தனையோ வெர்ஷன் விட்டுவிட்டான். மாஸ்டர் ஒன்றையும் சீண்டவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் போச்சு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலை உயர்த்தி, "பழசுல ஒரு சூடு இருக்கு. அது புதுசுல வராது" என்பார். சூடு இருந்தது உண்மைதான். அந்தக் கணினியின் முதுகில் ஈரத்துணியைப் போட்டால் காய்ந்துவிடும்.

நிஜக் காரணம் வேறு. அந்த டொய்ங் அவர் உண்டாக்கிய சத்தமே இல்லை. பழைய வெர்ஷனோடு இலவசமாக வந்த சத்தம். 'இதர' என்று அதில் ஒரு மூலை உண்டு. அங்கே நாய் தும்முவதற்கும் கதவு கிரீச்சிடுவதற்கும் நடுவில் அது பாட்டுக்குக் கிடந்தது. சீரியல் தொடங்கிய புதிதில் இவர் கதவுச் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தார். டைரக்டர் போனில் கத்திக்கொண்டிருந்தார். பதற்றத்தில் விரல் பக்கத்துச் சத்தத்தில் பட்டுவிட்டது. டைரக்டர் கத்துவதை நிறுத்திவிட்டு, "மாஸ்டர், இதைத்தான் நான் கனவுல கேட்டேன்" என்றார். அவருடைய கனவுகள் அந்த ரகம்.

அதோடு விட்டிருந்தால் தொல்லை இல்லை. சீரியல் பிய்த்துக்கொண்டு ஓடத் தொடங்கியதும் ஒரு வாரப் பத்திரிகைக்காரர் வீடு தேடி வந்து, "இந்தச் சத்தம் எப்படி சார் பிறந்துச்சு?" என்று கேட்டார். மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் மனைவியின் கை நழுவி, பெரிய பானையின் எவர்சில்வர் மூடி தரையில் விழுந்து உருண்டது. இவருக்கு மூளையை விட வாய் முந்திக்கொண்டது.

"கேட்டீங்களா? இதுதான் அது. ஒருநாள் இப்படித்தான் இவ கையிலேருந்து விழுந்துச்சு. அப்படியே பிடிச்சு, கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் எதிரொலியில நனைச்சு எடுத்தேன்."

கூசாமல் அளந்துவிட்டார். ஆனால் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவோரம் நின்றாள். சினிமாக்காரர் பெண்டாட்டி ஆகப்போகிறோம் என்று வந்து, முட்டை அட்டை ஒட்டியே காலத்தைக் கழித்தவள் அவள். "நிஜமாவா? என்கிட்ட சொல்லவே இல்லையே?" என்று கேட்டபோது அவள் முகத்தில் வந்த மலர்ச்சியை மாஸ்டர் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. பத்திரிகையில் படம் வந்தது. நடுவில் மூடியோடு அவள், ஓரமாக மாஸ்டரின் பாதித் தோள். அன்றைக்கு ஷோகேஸில் ஏறிய மூடி அப்புறம் இறங்கவில்லை. பானையை ஒரு சாப்பாட்டுத் தட்டால் மூடுகிறார்கள். அது சரியாகப் பொருந்தாது. கொதி வந்தால் கடகடவென்று ஆடும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் மூடியைக் காட்டிவிட்டுத்தான் அவள் தண்ணீர் கொடுப்பாள்.

மாஸ்டரும் சும்மா இருக்கவில்லை. புதிதாக இசைக்கு வருகிறவர்கள் சிக்கினால், "சத்தத்தைத் தேடி நீங்க போகக் கூடாது, அது உங்களைத் தேடி வரணும்" என்று உபதேசம் செய்வார். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளில் இது ஒன்றுதான் முழு உண்மை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் சேனல் மண்ணைப் போட்டது. இனிமேல் பின்னணி இசை எல்லாம் புது வெர்ஷனில்தான் வர வேண்டும், பழையதில் வந்தால் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"மாத்திடுங்களேன் மாஸ்டர். எத்தனை நாளைக்குத்தான் அந்தச் சூட்டைக் கட்டிக்கிட்டு அழப்போறீங்க?" என்றார் டைரக்டர் போனில்.

"யோசிக்கணும்," என்றார் மாஸ்டர், ஏதோ ராஜ்யத்தையே எழுதித் தரச் சொல்லிக் கேட்டுவிட்ட மாதிரி.

"நல்லா யோசிங்க. ஆனா சீக்கிரம் யோசிங்க. கழுத்துல ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஒருத்தர் நம்ம ஆபீஸ் வாசலை விட்டு நகர மாட்டேங்கறார்."

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி பதறிப்போனாள். "வேணாங்க, மாத்தாதீங்க. என் மூடிச் சத்தம் அதுக்குள்ளதானே இருக்கு? வீடு மாத்தும்போது எத்தனை சாமான் தொலைஞ்சுபோகுது! நல்லா இருக்கறதை எதுக்குங்க நோண்டணும்?"

சாஃப்ட்வேரைப் பற்றி அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான பேச்சு அதுதான். ஆனால் அவளுடைய தம்பி, தெருமுனையில் கணினி ரிப்பேர் கடை வைத்திருப்பவன், கேட்டால்தானே? புது வெர்ஷனைத் தானே பெற்று வளர்த்து ஆளாக்கியவன் போலத்தான் பேசுவான். மறுநாளே இன்னொரு கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, பழையதற்குப் பக்கத்தில் வைத்து, புது வெர்ஷனை ஏற்றிவிட்டான்.

"கொஞ்ச நாள் சும்மா ஓட்டிப் பாருங்க மாமா. பிடிக்கலைன்னா நானே தூக்கிட்டுப் போயிடறேன்."

புதியதில் எதுவும் இருந்த இடத்தில் இல்லை. நிறுத்துகிற பொத்தான் என்று நினைத்து மாஸ்டர் ஒன்றை அழுத்தினார். அது பதிவு செய்யத் தொடங்கியது. அதற்குப் பிறகு அவர் திட்டியதை எல்லாம் அருமையான தரத்தில் பதிந்து பத்திரமாக வைத்துக்கொண்டது.

"அதெல்லாம் பழகிடும் மாமா. முக்கியமான விஷயத்தைப் பாருங்க," என்று தம்பி ஓர் இடிச் சத்தத்தை உள்ளே போட்டான். எந்தத் தொகுப்பைச் சேர்ந்த எந்தச் சத்தம் என்று உடனே அதன் கீழே எழுத்து விழுந்தது. "பாத்தீங்களா? எதைப் போட்டாலும் கடைச் சரக்கா சொந்தச் சரக்கான்னு சொல்லிடும். சேனலுக்குப் போறப்போ இந்தத் தகவலும் கூடவே போகும். இனிமே யாரும் யாரையும் ஏமாத்த முடியாது."

மாஸ்டர் கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தார். சீரியலில் போட்டால் அந்தக் கட்டத்துக்குத்தான் டொய்ங் சரியாகப் பொருந்தியிருக்கும்.

காபியோடு வந்த மனைவி டம்ளரை மேசையில் வைத்தாள். "அப்போ நம்ம டொய்ங்கைப் போடுடா. சொந்தச் சரக்குன்னு வருதா பார்ப்போம்."

"அதானே!" என்று தம்பி பழைய கணினியிலிருந்து சத்தத்தை எடுக்க ஒரு வயரைச் சொருகினான். அவள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நின்றாள், பிள்ளையின் பரீட்சை முடிவைப் பார்க்க வந்தவள் மாதிரி. மாஸ்டர் கால் மாற்றி உட்காருவதைப் போல நகர்ந்து, மேசைக்கு அடியில் இருந்த பிளக்கை ஓர் உதை விட்டார். திரை இருண்டது.

"கரண்ட் போச்சா?" என்றார் ஒன்றும் அறியாதவராக.

"ஃபேன் ஓடுதே மாமா?"

"அப்போ உன் புது வெர்ஷன்தான் போச்சு. நாளைக்குப் பாரு, போ."

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மாற்றாவிட்டால் சீரியல் போகும். போனால் போகட்டும், வேறு எந்த மருமகளாவது எங்கேயாவது திரும்பாமலா போய்விடுவாள்? ஆனால் டைரக்டர் இவரை விட்டாலும் டொய்ங்கை விட மாட்டாரே. அதை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டு வாங்கி ஹெட்போன்காரரிடம் கொடுப்பார். அங்கே புது வெர்ஷனில் குட்டு உடைந்து, சுற்றிச் சுற்றி வீட்டுக்கே வந்து சேரும். ஊர் சிரிப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஷோகேஸில் இருப்பது வெறும் மூடி என்று அவளுக்குத் தெரிந்துவிடுமே, அதைத்தான் மனிதரால் தாங்க முடியாது. சினிமா என்று ஆசை காட்டிக் கூட்டி வந்தார். கடைசியில் அவளுக்குக் கொடுத்தது அந்த மூடி ஒன்றைத்தான். அதையும் திருப்பிப் பிடுங்க அவருக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. இத்தனை வருஷமாக ஒருநாள்கூடத் தோன்றாத யோசனை. மூடிதான் வீட்டிலேயே இருக்கிறதே, அதையே தட்டிப் பார்த்தால் என்ன?

மறுநாள் காலையில் மனைவி சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பியதும், மாஸ்டர் மூடியை இறக்கிப் பின்னறைக்குக் கொண்டுபோனார். தரையில் போட்டார், டமார் என்றது. தலையணைமேல் போட்டார், பொத்தென்றது. கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டினார். பள்ளிக்கூட மணி மாதிரி கேட்டது. மருமகள் திரும்பவேண்டிய இடத்தில் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடுவார்கள் போலிருந்தது. ஃபேன் நின்ற அறையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு தடவை கயிறு அறுந்து விழுந்து மூடியின் விளிம்பு நசுங்கியும் போனது. கடைசியில் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து, மூடியைத் தட்டியபடியே மெதுவாக உள்ளே இறக்கினார். சத்தம் அப்படியே வளைந்து குழைந்து இறங்கியது. நனைத்து எடுத்தேன் என்று அன்றைக்கு அளந்தாரே, அதை இன்றைக்குத்தான் நனைத்தார்.

பழைய டொய்ங்கேதான் என்று சத்தியம் செய்ய முடியாது. இதில் கொஞ்சம் கரகரப்பு இருந்தது. முடிகிற இடத்தில் யாரோ அழுகையை அடக்கிக்கொள்வது போலவும் இருந்தது. ஆனால் நன்றாக இருந்தது. மாஸ்டருக்கே ஆச்சரியம். புது வெர்ஷனில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். கீழே 'சொந்தப் பதிவு' என்று எழுத்து விழுந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். கச்சேரி மேடையில் கைதட்டு வாங்கிய காலத்துக்குப் பிறகு இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை. மூடியைத் துடைத்து, நசுங்கிய பக்கம் சுவரைப் பார்க்கும்படி ஷோகேஸில் வைத்துவிட்டு, ஈரத்தரையில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தம்பி வந்து, "நீங்களே போட்டுப் பாத்துட்டீங்களா? சொந்தப் பதிவுன்னு வந்திருக்கு, பாருக்கா!" என்று அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். மாஸ்டர் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். புது வெர்ஷன் வீட்டிலேயே தங்கிவிட்டது.

டைரக்டர் கேட்டுவிட்டுப் போனிலேயே துள்ளினார். "அதே டொய்ங்! ஆனா இப்போ எப்படிக் கும்முனு இருக்கு பாருங்க! புது வெர்ஷன் புது வெர்ஷன்தான் மாஸ்டர், நான் அப்பவே சொன்னேன்ல?" வித்தியாசம் அவர் காதுக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் பாராட்டு கம்பெனிக்காரனுக்குத்தான் போயிருக்கும்.

அந்தப் பகுதி ஒளிபரப்பான மாலை, மனைவி வேலைகளைச் சீக்கிரமே முடித்துவிட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். மாஸ்டர் வழக்கத்துக்கு மாறாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டிவியைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் திரும்பினாள். டொய்ங்.

மனைவியின் புருவம் சுருங்கியது. மருமகள் இரண்டாம் தடவை திரும்பினாள்.

"என்னங்க, இது அது இல்லையே?"

"எது?"

"நம்ம மூடி இல்லீங்க இது."

"அதேதான். நல்லாக் கேளு."

"எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா கேட்கறேன். என் மூடி கணீர்னு பேசும். இது என்னமோ ஓட்டை வாளியைத் தட்டின மாதிரி இருக்கு. யாரோ போலியா ஒண்ணைப் பண்ணி வச்சிருக்காங்க."

மாஸ்டர் வாயைத் திறந்தார். உன் மூடி இதுதான், இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பேசுகிறது என்று சொல்லிவிட அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. சொன்னால், இத்தனை நாளும் பேசியது எது என்று அவள் கேட்பாள். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"புது வெர்ஷன்ல," என்றார் பிறகு, "எல்லாமே போலி மாதிரிதான் கேட்கும்."

"மாத்தாதீங்க மாத்தாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா? இப்போ என் மூடியைத் தொலைச்சுட்டு வந்து உட்கார்ந்திருக்கீங்க."

"தப்புதான்," என்றார் மாஸ்டர்.

மருமகள் மூன்றாம் தடவை திரும்பத் தொடங்கினாள். மனைவி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள்.