டெட்ஸாவில் இன்னும் ஆறு மாதம்

என் கணவர் வெர்லுக்கு எழுபத்திரண்டு வயது. எங்கள் சபை கேட்டு அவர் முடியாது என்று சொன்னதே கிடையாது. அமெரிக்காவில், எங்கள் ஐடஹோவில் அறுபது பசுமாடுகளோடு மல்லுக்கட்டிய காலத்திலும் சரி, மூன்றாவது பிள்ளையைப் பெற்று நான் படுத்துக் கிடந்தபோதும் சரி, ஞாயிற்றுக்கிழமை யாராவது தோளில் கைபோட்டு, "வெர்ல், இந்தப் பொறுப்பை..." என்று இழுத்தால் போதும், சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிடுவார். எங்கள் ஆட்கள் எல்லாருமே கொஞ்சம் அப்படித்தான். இவர் ரொம்பவே அப்படி.

அப்படித் தலையாட்டித்தான் ஆப்பிரிக்காவில் இந்த மலாவிக்கு வந்து சேர்ந்தோம். வயதான ஜோடிகளைச் சபை இப்படி அனுப்பும். செலவு எங்களுடையது. மார்பில் பெயர்ப்பட்டை, ஒருவரை விட்டு ஒருவர் நகரக்கூடாது. டெட்ஸாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் அடிபம்பு போடுவதும், கெட்டுப்போனதைச் சரிசெய்வதும் எங்கள் வேலை. பதினெட்டு மாதம் ஓடிவிட்டது. தலைமுடிக்குள் தூசி, இடுப்பெலும்பைக் கழற்றிப் போடும் சாலை, தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஊருக்குக் கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது, இங்கே சபை வேலைகளைக் கவனிக்கும் தலைவர் போன் செய்தார். அடுத்த ஜோடி கிடைக்கவில்லையாம், இன்னும் ஆறு மாதம் இருக்க முடியுமா என்று கேட்டார். வெர்ல் உடனே, "இருக்கிறோம்" என்றார். இருக்கிறோமாம்! இரண்டடி தள்ளி நின்று அவருடைய சட்டைக்குத்தான் நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை!

"ஆர்டாவை மறந்துட்டியா வெர்ல்?" என்றேன்.

ஆர்டா என் அக்கா. அவளுக்கு ஞாபகம் போய்க்கொண்டே இருக்கிறது. பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்கிறாள். வாராவாரம் போனில் என் குரல் மட்டும்தான் அவளுக்குப் பிடிபடுகிறது. அதுவும் கிறிஸ்துமஸ் வரை தாங்காது என்று அவள் மகள் எழுதியிருந்தாள். ஆறு மாதம் கழித்து நான் போனால், யாரோ ஒரு கிழவி வந்திருக்கிறாள் என்றுதான் பார்ப்பாள்.

"நாம போயிட்டா பம்பையெல்லாம் யாரு பார்ப்பா? இருபத்திமூணு ஊரு நெட்ரா! நட்டாத்துல விட்டுட்டு வரச் சொல்றியா?"

"நட்டாத்துல நிக்கிறது நான்தான்."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நகரவும் கூடாதே, அதனால் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள், மலையடிவார ஊர் ஒன்றில் பம்பு மக்கர் பண்ணுகிறது என்று அந்த வழியாக வந்த மினிபஸ்காரர் சொன்னார். இவர் ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். இரண்டு மணி நேரம் குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கினால், பம்பில் தண்ணீர் கொட்டுகிறது! வாளிகளோடு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். பம்புக் கமிட்டித் தலைவி நச்சிசாலே கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நன்றாகப் படித்தவள்.

"ஏன் தாத்தா இவ்ளோ தூரம்? வாஷர் தேஞ்சிருந்துச்சு. மாத்திட்டோம்."

"யாரு மாத்துனது?"

"நாங்கதான். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? ஜனவரியிலேருந்து நாங்களேதான் பார்த்துக்கறோம். பக்கத்து ஊருங்களுக்கும் போறோம்."

"மாசாமாசம் வந்தேனே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க எவ்ளோ ஆசையா வர்றீங்க! வராதீங்கன்னு எந்த வாயால சொல்றது?"

பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. விருந்தாளி வந்தா கோழி அடிக்காம அனுப்பக்கூடாது, அது எங்க வழக்கம். நீங்களும் ஒருநாள்கூட வேணாம்னு சொன்னதில்ல. எங்கிட்ட இருக்கிறது இன்னும் மூணு கோழிதான்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. கொடுத்த சாப்பாட்டை மறுத்தால் மனம் புண்படும் என்று புறப்படும் முன் வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். ஒரே நாளில் மூன்று ஊரில், வயிறு வெடிக்க வெடிக்க, அதையும் ஒரு ஊழியம் என்று நினைத்துத் தின்று தொலைத்தோமே!

அன்று கோழி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினோம். வெர்ல் சாவியைத் திருப்பவில்லை. முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்குக் கோபம் போய்ப் பாவமாகிவிட்டது.

"இங்க நான் தேவையில்ல போல" என்றார்.

"பம்பு ஓடுதே வெர்ல். அதுக்குத்தானே வந்தோம்?"

திரும்பி அந்த வாளி வரிசையைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "நெட்ரா, உனக்கு வீட்டுக்குப் போகணுமா?"

கல்யாணமான இந்த நாற்பத்தாறு வருடத்தில் இப்படி அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. இரண்டு நாளாக மனசுக்குள் ஒரு பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தேன். "போகணும்" என்பது மட்டும்தான் வாயில் வந்தது. அப்புறம் அழுதேன்.

தார்ச்சாலைக்கு வந்ததும் சிக்னல் கிடைத்தது. ஓரமாக நிறுத்தித் தலைவரைக் கூப்பிட்டார். "எங்களால இருக்க முடியாதுங்க" என்றார். அந்தப் பக்கம் தலைவர் ஏதோ நீளமாகக் கேட்டார்.

"இல்லைங்க, நெட்ரா சொல்லிக் குடுத்து நான் பேசலை. அவளோட அக்காவுக்கு முடியல, அது ஒண்ணு. ஆனா எனக்கும் முடியலைங்க. முட்டி போச்சு, ராத்திரி தூக்கம் போச்சு. ரொம்ப நாளாவே முடியல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினெட்டு மாதம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்திருக்கிறேன். உன்னால முடியுதா என்று நானும் அவரை ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.