நடு ஓடத்தை மேலே தூக்கிய சாம்பவி அக்கா

உலகத்தில் இதுவரை படகு கட்டிய எல்லாரும் வெள்ளவத்தைக்கு வந்து, லிஃப்ட் வேலை செய்யாத எங்கள் ஃபிளட்டில் மூன்று மாடி ஏறி, சாம்பவி அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பேழை கட்டிய நோவா வரிசையில் முதல் ஆளாக நிற்கலாம்.

சாம்பவி அக்கா என் பெரியம்மாவின் மகள். இரத்மலானையில் ஜவாத் நானாவின் ஃபைபர் படகுப் பட்டறையில் கம்பியூட்டரில் படகு வரைவது அவளுடைய வேலை. எல்லாம் உல்லாசப் பயணிகள் ஏறும் சோம்பேறிப் படகுகள். அவள் மனத்தில் இருந்ததோ வேறு: நடுவில் ஒரு ஓடம், இரண்டு பக்கமும் மிதவை, மேலே பாய். காற்றுப் பிடித்தால் நடு ஓடம் தண்ணீரை விட்டு எழும்ப வேண்டும். முழுப் படகும் ஒற்றை மிதவையில் ஓட வேண்டும். தண்ணீரில் உரசுவது குறைந்தால் வேகம் கூடும், அவ்வளவுதான்.

"அப்ப நடு ஓடம் என்னத்துக்கு? கழட்டி வித்துப்போடுங்கோவன்," என்றேன்.

"காத்தில்லாத நேரம் உன்னை ஏத்த."

சாதாரணமாக மிதவை, படகு சாயாமல் பிடிக்கத்தான். அக்கா வரைந்த மிதவை ஒவ்வொன்றும் தனியாகவே முழுப் படகைப் போல இரண்டு மடங்கு பாரம் தாங்கும். சுக்கானையும் நடு ஓடத்தில் வைக்கவில்லை. ஓடம் எழும்பினால் அது ஆகாயத்தைத்தானே திருப்பும்? அதனால் மிதவைக்கு ஒன்றாகப் பின்னால் வைத்தாள். இதை யோசிக்க மூளை வேண்டும். பள்ளிக்கூடம் போகாமல் பட்டறையில் சுற்றுகிற எனக்கு வராது.

போன மாதம் பொல்கொட ஏரியில் சின்ன மாதிரிப் படகொன்றை ரிமோட்டில் விட்டாள். நடு ஓடம் எழும்பியது. எழும்பிய கையோடு மிதவையின் மூக்கு தண்ணீருக்குள் குத்தி, படகு தலைகீழாகப் போனது. பட்டறைக்காரர் விசில் அடித்தார்கள். அன்று பாயிலிருந்த சேற்றைக் குழாயில் கழுவும்போது அக்கா மூக்கை உறிஞ்சினாள். தடிமன் என்றாள். பிறகு மிதவையின் முன்பக்கத்தைப் பருக்க வைத்து, மூக்கை உயர்த்தி, புதிதாகச் செய்தாள்.

ஜவாத் நானா முடிவாகச் சொல்லிவிட்டார்: "தங்கச்சி, ஞாயித்துக்கிழமை கவுறாம ஓடினா பெரிசு கட்டுவோம். கவுந்தா இந்தக் கதைய உட்டுருங்க."

அந்த ஞாயிறு, ஏரிக்குப் போகிற முச்சக்கரவண்டியில் படகு என் மடியில் இருந்தது. அதை மட்டும் சொல்லி வைக்கிறேன். இன்னொன்று: நீர்கொழும்புப் பக்கத்துப் பாய்வள்ளக்காரர் காற்றுக் கூடினால் ஒராளை மிதவைக் கட்டையில் ஏற்றி இருத்துவார்கள். பாரம் இருந்தால் வள்ளம் கவிழாது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

நல்ல காற்று. ஆனால் நடு ஓடம் எழும்பவே இல்லை, குளத்து எருமை மாதிரிப் படுத்துக்கொண்டு போனது. திரும்பி வரும்போது காற்று மற்றப் பக்கத்தால் அடிக்க, வலது மிதவை கழுத்துவரை தண்ணீருக்குள் தாழ்ந்தது. ஜவாத் நானா வாகனச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

நானென்றால் ரிமோட்டைத் திட்டியிருப்பேன். அக்கா கண்ணை மூடி நின்றாள்.

"போகேக்க எழும்பேல்ல. வரேக்க தாழுது," என்று தனக்குள்ளே சொன்னாள். "பாரம் ஒரு பக்கத்தில மட்டும் கிடக்கு."

படகைத் தூக்கி, வலது மிதவையின் மூடியைத் திறந்து, துணிக்குள் முடிந்திருந்த தூண்டில் ஈயங்களை இழுத்தெடுத்தாள். ஒருவரையும் ஒன்றும் கேட்காமல் ஜீன்ஸ் பொக்கெற்றில் செருகினாள்.

"நானா, இன்னொருக்கா."

"ஒரே ஒருக்கா."

காற்று அடித்தது. நடு ஓடம் மெல்ல எழும்பியது. அதன் வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. அடியால் அக்கரைத் தென்னைகள் தெரிந்தன. ஒற்றை மிதவை, மூக்கைத் தூக்கிக்கொண்டு, கோடு கிழித்தமாதிரி ஓடியது. அக்கா திருப்பினாள். ஓடம் ஒரு கணம் தண்ணீரைத் தொட்டது, மற்ற மிதவை பாரத்தை வாங்கிக்கொண்டது, ஓடம் மறுபடி எழும்பியது. இந்த முறை ஒருவரும் விசில் அடிக்கவில்லை. ஜவாத் நானாவின் சாவி பொக்கெற்றுக்குள் திரும்பிப் போனது.

"நாளைக்கே பெரிய படகுக்கு அச்சு வேலயத் தொடங்குங்க, தங்கச்சி."

திரும்பும் வழியில் அக்கா அந்தத் துணியை என் மடியில் போட்டாள். வெள்ளைச் சொக்ஸ் ஒன்று.

"இதார்ட?"

"எனக்கென்ன தெரியும்? வெள்ளைச் சொக்ஸ் எத்தினை பேரிட்ட இருக்கு."

"பள்ளிக்கூடச் சொக்ஸ். அடி கொஞ்சமும் தேயேல்ல." அக்கா அதை விரித்துப் பார்த்தாள். "பள்ளிக்கூடச் சொக்ஸை இப்பிடிப் புத்தம்புதுசா வச்சிருக்கிறது இந்தக் கொழும்பில ஒராள்தான்டா, பிரதீஸ்."