முதுகில்லாத புத்தகம்

புத்தகக் கடை அலமாரியில் சுட்டுவிரலால் இரண்டு புத்தகங்களை மெதுவாக விலக்குகிறார் அவர். விரல் கனத்துக்கு ஓர் இடைவெளி விழுகிறது. அகர வரிசைப்படி அவர் பெயர் நிற்க வேண்டிய இடம் அது. சற்று நேரம் பார்த்துவிட்டு வெளியே போகிறார். கடைக்காரப் பெண் எழுந்து வந்து புத்தகங்களைச் சேர்த்து வைக்கிறாள். பல வருடமாக இது நடக்கிறது. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எதிர் வரிசையில் அவருக்கு ஒரு சின்னத் தையல் கடை. புதுத்துணி தைப்பதில்லை. நீளத்தைக் குறைப்பார், இடுப்பைப் பிடிப்பார், அவ்வளவுதான். தெருவில் அவர் பெயர் ‘கத்தரி’. கவிதையும் எழுதுவார்; அதிலும் அதே கைதான். காலையில் ஒரு பக்கம் எழுதினால் மாலையில் இரண்டு வரி மிஞ்சும். “அதையும் வெட்டிட்டா பேப்பராவது மிஞ்சும்” என்பாள் மனைவி.

ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் அந்தப் புத்தகக் கடை மனக்கண்ணில் வரும். மஞ்சள் விளக்கு. ஜன்னலோரம் மெத்தை நாற்காலி; உறை அவர் தைத்துக் கொடுத்தது. வெளியே மழை. முன்பின் தெரியாத ஒருத்தி குடையை மடக்கி வைத்துவிட்டு, கைக்கு வந்ததை உருவுகிறாள். அவருடைய புத்தகம். ஒரு பக்கம் படிக்கிறாள். அவளுடைய பஸ் போய்விடுகிறது; அவளுக்குத் தெரியவில்லை. கனவில்கூட அவள் அதை வாங்குவதில்லை. அவருக்கு அது போதும்.

போன மாதம்தான் துணிவு வந்தது. சொந்தச் செலவில் அச்சடித்த தொகுப்பை நீட்டினார். நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகம். கடைக்காரப் பெண் நின்றபடியே முழுதும் படித்தாள்.

“நல்லாருக்குண்ணே. ஆனா இதுக்கு முதுகு இல்லையே. அலமாரியில நிறுத்தினா பேரு தெரியாது. இன்னும் கொஞ்சம் பக்கம் சேர்த்து, ஒட்டி பைண்ட் பண்ணிக் குடுங்க. ஜன்னல் பக்கமே வைக்கிறேன்.”

“உள்ள துணி விட்டிருந்தா பிரிச்சு விடலாம்மா. இல்லாத துணிய எங்க போய் விடறது?”

துணி இல்லாமல் இல்லை. அவர் தோளில் வளர்ந்தவன், அக்காவின் ஒரே மகன், பள்ளிக்கூட வயதில் காய்ச்சலில் போய்விட்டான். “அவனுக்கு நாலு வரி எழுதித் தாடா” என்று அன்றே அக்கா கேட்டாள். தருகிறேன் என்றார். இன்னும் தரவில்லை.

அந்த வாரம் உட்கார்ந்து எழுதினார். பக்கம் பக்கமாக வந்தது. புத்தகத்துக்கு முதுகு வந்துவிட்டது. மனைவிக்குப் படித்துக் காட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அழுகை வருதுங்க. ஆனா ரெடிமேட் மாதிரி இருக்கு. எந்தப் புள்ளைக்கும் பொருந்துது.”

அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. அப்படியே விட்டால் ஜன்னலோர இடம் அவருடையது. இரண்டு நாள் அந்தத் தாள்களைத் தொடவில்லை. பிறகு பேனாவை எடுத்து அடித்துக்கொண்டே போனார். கடைசியில் பையனின் பெயர் மட்டும் நின்றது.

நேற்று அக்கா தையல் விட்ட தலையணை உறையோடு அவர் கடைக்கு வந்தாள்.

“உன் புத்தகத்தைக் கடையில வைக்கப் போறாங்களாமே?”

“இல்லக்கா. பக்கம் பத்தல.”

“என் புள்ளைக்கு எழுதறேன்னியே, அதைச் சேர்த்துக்கயேன்.”

அவர் ஊசியில் நூல் கோத்தார்.

“நாலு வரிடா தம்பி. நான் என்ன காவியமா கேட்டேன்?”

அவர் குனிந்து மெஷினை மிதிக்கத் தொடங்கினார். ஊசி படபடவென்று ஏறி இறங்கியது. தலையணை உறை அக்காவின் மடியிலேயே இருந்தது.