கதவுக்காரர் செய்த சிலுவை

கதவுக்காரர் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர். படித்தவர்கள் வேலை தேடி அலைந்த வயதில் அவர் சொந்தமாக மரப்பட்டறை போட்டு, ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்தார். யாரும் கைதூக்கி விடவில்லை. தானே ஊன்றி எழுந்தார். அவர் மாட்டிய கதவு தொங்கிப்போனது என்று சொல்ல ஒரு வாய் கிடையாது. இதையெல்லாம் சொல்லிக்கொள்ள அவர் கூச்சப்பட்டதும் இல்லை. கூச்சப்பட என்ன இருக்கிறது?

அவர் ஊர்க் கோயிலில் தவக்காலத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கோயில் சிலுவை வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டில் செபம். மறுநாள் அடுத்த வீட்டுக்காரர் வந்து, தன் தோளிலேயே அதைச் சுமந்துகொண்டு போக வேண்டும். மற்றவர்கள் பாடிக்கொண்டே பின்னால் நடப்பார்கள்.

பழைய சிலுவையைக் கரையான் தின்றுவிட்டது. "புதுசு நான் செய்றேன் சாமி. காசுப் பேச்சே வேண்டாம்" என்று கதவுக்காரர் பங்குச் சாமியாரிடம் முந்திக்கொண்டார்.

செய்தும் கொடுத்தார். வாசல் நிலைக்குப் போடும் மரத்தில், வாசல் நிலையின் கனத்தில். ஆயுசெல்லாம் நிலையும் கதவும் அறுத்த கைக்கு வேறு அளவு வரவில்லை. இடி விழுந்தாலும் நிற்கும். பொருள் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

முதல் சில வீட்டு ஆண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சுமந்தார்கள். கதவுக்காரர் தன் முறைக்கு மூச்சே வாங்காதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு சுமந்தார். மறுநாள் மாலை, அவர் வீட்டிலிருந்து சிலுவையை எடுத்துப் போகத் தையற்காரம்மா வந்தார். கணவர் போனபின் தனியாக இருப்பவர், ஒடிசலான உடம்பு.

குனிந்தார், தோள் கொடுத்தார். சிலுவை ஒரு முனையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. மறுபடி முயன்றார். மறுபடியும் அதே கதை.

"விடும்மா, பட்டறை ஆளுங்க கொண்டுவந்து வச்சிடுவாங்க" என்றார் கதவுக்காரர்.

"கொண்டுவந்து வைக்க இது என்ன பீரோவா அண்ணே? அவர் போனதுலேர்ந்து நான்தான் தூக்கிட்டுப் போறேன். முடியலன்னா இந்த வருஷம் எங்க வீட்டைத் தாண்டிப் போகட்டும்."

செபம் சொல்லிக்கொடுக்கக் கூடவே வந்திருந்த கோயில் உபதேசியார் சும்மா இருக்கவில்லை. "முதலாளி, ரெண்டு கீலும் ஒரு தாழ்ப்பாளும் மாட்டிட்டா கோயில் வாசலுக்கே போட்டுடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். தையற்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டைக் கழுவி, இரவல் பாய் வாங்கி விரித்துவிட்டு வந்திருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார்.

"மரம்னா கனமாத்தான் இருக்கும்" என்று கதவுக்காரர் பொதுவாகச் சொன்னார்.

அவர் வீட்டம்மா வாசற்படியில் நின்றிருந்தார். "ஊரே சோத்தைக் குறைக்குது. உழைக்கிறவனுக்கு ஒருசந்தி எதுக்குன்னு நீங்க மூணு வேளையும் வெட்டுறீங்க. மரத்தையாவது குறைங்களேன்."

"செஞ்சு முடிச்ச பொருள்ல நான் திரும்ப ரம்பம் வச்சதில்ல."

"வச்சா கை அழுகிடுமா?"

தெருமுனை திரும்பப்போன தையற்காரம்மாவைக் கதவுக்காரர் பார்த்தார். பிறகு, "ஏம்மா, நில்லு. பட்டறைக்கு வா" என்று குரல் கொடுத்தார்.

பட்டறை வீட்டுக்குப் பின்னால்தான். வேறு வேறு கனத்தில் சில கட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக அந்த அம்மா தோளில் வைத்தார். "இது முடியுமா? இது?" ஒன்றுக்கு அந்த அம்மா தலையாட்டினார். அந்த அளவைக் கதவுக்காரர் சிலுவையில் கோடு கிழித்து, மிஷினில் கொடுத்தார். முதல் சீவு கழன்று விழுந்தபோது தன் தொடையிலிருந்து அறுத்தது போலிருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. குறுக்குக் கட்டை சேரும் இடத்தைப் புதிதாக வெட்டிப் பூட்டினார். முனைகளைக் கையாலேயே இழைத்தார். செபத்துக்கு வந்தவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

தையற்காரம்மா தூக்கினார். எழுந்தது. தெரு நடுவே தோள் மாற்ற நின்றபோது கதவுக்காரர் கை நீட்டினார்.

"கையை எடுங்க அண்ணே. எனக்கு வருது."

அவர் பின்வாங்கிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். பவனியில் பின்னால் நடந்து அவருக்குப் பழக்கமில்லை. கோலூன்றி நடந்த ஒரு பெரியவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நாளைக்கு எங்க வீடுப்பா. எனக்கு இன்னும் கொஞ்சம் இழைக்கணுமே."

"காலையில பட்டறைக்கு வாங்க மாமா. தோளை வச்சுப் பார்த்துடலாம்."

பாட்டு அடுத்த அடிக்குப் போயிருந்தது. கதவுக்காரருக்கு வார்த்தைகள் சரியாகத் தெரியாது. பெரியவரின் வாயைப் பார்த்துப் பார்த்துப் பாடினார்.